கிடை போட்ட கொல்லை

வெண்ணாற்றிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால் ஒன்று வேளாக்கோட்டகத்துக்குக் கீழ்ப்புறம் வந்து வடிகாலில் விழுகிறது. அது விழுகிற இடத்தில்தான் பண்ணை ஆட்களின் தெரு. தெருவின் கடைசிக் கூரை வீடு மாரியப்பனுடையது. வீட்டுக்கும் வாய்க்கால் கரைக்கும் நடுவில் ஒரு துண்டு மண் கிடந்தது. இரண்டு பார வண்டிகளை அவிழ்த்துப் போட்டால் நிறைந்துவிடும். மாரியப்பனும் அவர் பெண்சாதி எல்லையம்மாளும் அதைக் கொல்லை என்று சொல்லிவந்தார்கள். பண்ணைக் காரியக்காரர் நாகநாதன் அதைக் களத்துமேட்டின் வால் என்பார். ஆளுக்கொரு பெயர் சொன்னதால் வெகுகாலம் யாருக்கும் நஷ்டம் இல்லை. குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று மெட்ராஸில் சட்டம் போட்டார்கள். அதற்குப் பிறகு எந்தப் பெயர் நிற்கும் என்பது பெரிய விஷயமாகிவிட்டது.

பண்ணை குஞ்சிதபாதம் பிள்ளையுடையது. அவர் மெட்ராஸ் போய்த் தங்கி வருஷக்கணக்காகிறது. நிலத்துக்கு உச்சவரம்பு வந்தபோது வயல்களை மச்சினன், மருமகன் என்று பிரித்து எழுதிவிட்டு, சம்பா அறுப்புக்கு மட்டும் காரில் வந்து போய்க்கொண்டிருந்தார். மற்றதெல்லாம் நாகநாதன் பொறுப்பு. கூலி கேட்டுச் சங்கம் கொடியேற்றியது, வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுத்தது, அதனால் வந்த அடிதடி, போலீஸ் வந்து தங்கியது எல்லாம் அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் பொது. வேளாக்கோட்டகமும் அதற்குத் தப்பவில்லை. அந்த நாட்களில்கூட மாரியப்பன் சங்கத்துக்கும் பண்ணைக்கும் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தவர். அவர் பண்ணைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஆள். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வரப்பில் நண்டு வளை போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது அவர் வேலை. வருஷம் முழுக்க இருக்கிற வேலை. தெருவில் வேறு யாருக்கும் அப்படி ஒன்று இல்லை.

எல்லையம்மாளுக்கு நடவும் களையெடுப்பும் அறுப்பும் இருக்கும்வரை வயல்தான். கோடையில் ஆறு வறண்டு, வயல் பாளம் பாளமாக வெடித்த பிறகு கீரை. ஒரே மகள் தனபாக்கியத்தைத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டதால் வீட்டில் உட்கார்ந்திருக்க அவளுக்கு ஒன்றுமில்லை. வாய்க்கால் ஓரத்து ஈரத்தில் தண்டுக்கீரை போட்டு, விடியற்காலையில் பிடுங்கிக் கட்டி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரையோடு கூத்தாநல்லூர் போவாள்.

கூத்தாநல்லூரில் சஃபியாவின் வீட்டில் கீரை வாங்காமல் அனுப்புவதில்லை. சஃபியாவின் புருஷன் பினாங்கில் கடை வைத்திருந்தார். சபர் என்று கப்பலேறிப் போனால் திரும்ப இரண்டு வருஷம், மூன்று வருஷம் ஆகும். முதல் தடவை சஃபியா கதவைத் திறந்து, "வாங்க, உள்ள வந்து உக்காருங்க. பசியாறுனீங்களா?" என்று கேட்டபோது, தனக்குப் பின்னால் வேறு யாரோ வந்து நிற்கிறார்கள் என்று எல்லையம்மாள் திரும்பிப் பார்த்தாள். தெரு காலியாக இருந்தது. கூடையை வாசலிலேயே இறக்கிவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். சஃபியா பலகையை எடுத்துப் போட்டாள்.

விதை அந்த வீட்டிலிருந்துதான் வந்தது. சஃபியாவின் புருஷன் போன தடவை வந்தபோது ஒரு காகிதப் பொட்டலத்தில் பூ விதை கொண்டுவந்திருந்தார். கோழிக்கொண்டைதான். ஆனால் நம் ஊர் மாலைக்காரர்கள் கட்டுகிற சின்னக் கொண்டை இல்லை, உள்ளங்கை அகலத்துக்குப் பட்டுத்துணியை மடித்து வைத்ததுபோல் இருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். சஃபியா அதை முற்றத்துத் தொட்டிகளில் போட்டாள். முற்றத்தில் வெயில் விழுவது உச்சிப்பொழுதில் கொஞ்ச நேரம். முளைத்ததெல்லாம் வெளுத்த நூலாக நீண்டு, தண்ணீர் ஊற்றிய வேகத்தில் சாய்ந்துபோனது. பொட்டலத்தில் ஒரு சிட்டிகை மிச்சம் இருந்தது.

"எங்க வூட்டுல வெயில் இல்ல. ஒங்க கொல்லையில இருக்கும்ல?" என்று சஃபியா கேட்டாள்.

"வெயிலுக்கு என்னம்மா கொறைச்சல்? அது ஒண்ணுதான் எங்களுது" என்றாள் எல்லையம்மாள்.

பூத்தால் கூடத்து மேசைமேல் இருக்கிற கண்ணாடி ஜாடிக்குக் கொஞ்சம் கொண்டுவர வேண்டும் என்பதுதான் பேச்சு. அந்த ஜாடியும் பினாங்கிலிருந்து வந்தது. வந்த நாளிலிருந்து வெறுமனே நின்றுகொண்டிருந்தது.

விதை கடுகில் பாதிகூட இல்லை. கருப்பாக, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. தண்டுக்கீரை விதைக்கு உடன்பிறந்தது என்று பார்த்ததுமே எல்லையம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் கீரைக்குச் செய்ததையே இதற்கும் செய்தாள். நம் பக்கத்துக் களிமண் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. ஆற்று மணலும் மக்கிய சாணமும் உமிச்சாம்பலும் கலந்து மேட்டுப்பாத்தி போட்டாள். விதையை ஒரு பிடி மணலோடு பிசிறித் தூவி, மேலே மண் போடாமல் உள்ளங்கையால் தட்டிவிட்டாள். ஒரு பனையோலையைக் குறுக்கே வைத்து, ஓலைமேல் தண்ணீர் தெளித்தாள். நேரே ஊற்றினால் விதை ஓடிவிடும். மாரியப்பன் மடை பார்த்துவிட்டு வரும்போதெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார். குழம்பு வைக்கவும் ஆகாது, மாட்டுக்குப் போடவும் ஆகாது, இதற்கா இந்தப் பாடு என்று கேட்டார். எல்லையம்மாள், பார்க்க ஆகும் என்றாள்.

சிவந்த தண்டோடு நாற்று எழுந்தது. நெருக்கமாக நின்றதைக் கலைத்து, நாலு இலை விட்டதும் வேரோடு மண் ஒட்டியிருக்கச் சாணுக்கு ஒன்றாகப் பெயர்த்து நட்டாள். சித்திரை வெயிலில் மற்ற செடிகள் காது தொங்கிக் கிடந்தபோது இது மட்டும் வெயிலைக் குடித்து வளர்ந்தது. முதல் கொண்டை விரிந்த அன்று தெருப் பெண்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். சிவப்பு, அடர்ந்த மஞ்சள், இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம். தொட்டால் சேவல் கொண்டையின் குளிர்ச்சி இல்லை, கன்றுக்குட்டியின் காது மாதிரி இருந்தது.

விடிந்ததும் தண்டை நீளமாக அறுத்து, அடியிலையை உருவிவிட்டு, ஈரச் சாக்கில் சுற்றிக் கூத்தாநல்லூர் கொண்டுபோனாள். சஃபியா ஜாடியில் தண்ணீர் ஊற்றி ஒவ்வொன்றாக வைத்தாள். ஒன்று உயரமாக நின்றது, அதை எடுத்து அடியை நறுக்கி மறுபடி வைத்தாள். இருவரும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்கள். கீரைக் கணக்கைப் பற்றி அன்றைக்கு இரண்டு பேருமே நினைக்கவில்லை. தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் பூ வாரக்கணக்கில் நிற்கிறது என்று அடுத்த தடவை சஃபியா சொன்னாள். பக்கத்து வீட்டார், காகிதப் பூ என்று நினைத்துக் கிள்ளிப் பார்த்தார்களாம்.

மனை அளக்க ஆள் வருகிறது என்ற சேதி வைகாசிக் கடைசியில் வந்தது. வீட்டோடு சேர்ந்து புழங்குகிற கொல்லையையும் சேர்த்து அளப்பார்கள் என்று சங்கத்துச் சிவசாமி வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். அது நாகநாதனுக்கும் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் கொல்லை போனால் களத்துமேட்டில் வைக்கோல் போர் போட இடமிருக்காது. இடம் போனதென்று மெட்ராஸுக்குத் தெரிந்தால் அவர் பிழைப்பு போகும். அவர் மாரியப்பனைத் தனியே கூப்பிட்டு, வீட்டுச் சுவரோடு உன் மனை முடிகிறது, அதற்கப்பால் பண்ணை நிலம் என்று வருகிறவரிடம் நீயே சொல்லிவிடு, மடை வேலை உனக்கே இருக்கும் என்றார். மாரியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். சரிங்க என்றார். வேறு எதையும் அவருக்குச் சொல்லிப் பழக்கமில்லை.

அந்த வாரமே இராமநாதபுரத்துக் கிடை ஊருக்குள் வந்தது. கோடையில் ஆட்டு மந்தையை வயலில் இரவு முழுக்க அடைத்துப் போட்டு எருவேற்றுவது வருஷா வருஷம் நடக்கிறதுதான். நாகநாதன் மந்தையை ஓட்டிவந்த கீதாரியைக் கூப்பிட்டுக் களத்துமேட்டையும் அதன் வாலையும் காட்டி, அங்கே மடக்கச் சொன்னார். எல்லையம்மாள் அன்றைக்குத் திருத்துறைப்பூண்டியில் மகள் வீட்டில் இருந்தாள். மாரியப்பன் கடைமடையில் கிடந்தார். அவள் மறுநாள் திரும்பி வந்தபோது கொல்லை முழுக்கப் புழுக்கையும் குளம்படியுமாக இருந்தது. பாத்தி இருந்த இடத்தில் சிவந்த குச்சிகள் சில நின்றன. கீதாரிக்கு வருத்தம்தான். காட்டின இடத்தில் மடக்கினேன், பூச்செடி என்று யாரும் சொல்லவில்லை என்று தலையைச் சொறிந்தான்.

எல்லையம்மாள் அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் விளக்கு வைக்கிற நேரம்வரை எழுந்திருக்கவில்லை. மாரியப்பன் தானே உலை வைத்து, கஞ்சியை வடித்து, இரவு சாப்பிடச் சொன்னார். அவள் சாப்பிட்டாள்.

காலையில் அவள் எழுந்து வரும்போது மாரியப்பன் ஆற்றிலிருந்து மணல் சுமந்து கொட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியால் புழுக்கையை மண்ணோடு கொத்திக் கலந்து, பழைய பாத்தியைவிட ஒரு முழம் கூடுதலாக அகலம் வைத்து மேடு கட்டினார். அவளைப் பார்க்காமலே, வெதை இருக்கா என்று கேட்டார். இல்லை என்றாள். இருக்கிற இடத்தில் கேட்டுப் பார் என்றார்.

வெறும் கையோடு போனவளைச் சஃபியா உட்காரவைத்து நடந்ததைக் கேட்டாள். பிறகு ஜாடியிலிருந்த பூக்களை மொத்தமாக எடுத்தாள். நிறம் மங்கிக் காய்ந்துகொண்டிருந்த கொண்டைகள். வெள்ளைத் துணியை விரித்து, அவற்றின் கழுத்தைக் கையால் தேய்க்கத் தேய்க்க விதை கருப்பாகக் கொட்டியது. பொட்டலத்தில் வந்ததைப் போலப் பல மடங்கு. இத்தனையும் தண்ணீரில் நின்றுகொண்டே முற்றியிருக்கிறதே என்று இருவருக்கும் ஆச்சரியம். சஃபியா துணியோடு முடிந்து கொடுத்தாள். அவள் புருஷன் இந்த வருஷம் வந்துவிடுவார், வரும்போது ஜாடி காலியாக இருக்கக் கூடாது என்றாள்.

ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. குறுவை நடவு தொடங்கியது. புது விதை முளைத்து, பெயர்த்து நட்டு, வேர் பிடித்து நின்றது. நாற்றங்காலில் எல்லையம்மாள் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தபோது நாகநாதன் வரப்பில் வந்து நின்றார்.

"இன்னமும் அங்க என்னத்த நட்டு வக்கிற? ஒம்புருசன்தான் சரின்னுட்டானே. தெரியாதா ஒனக்கு?"

அவளுக்குத் தெரியாது. எல்லையம்மாள் கையிலிருந்த நாற்றுமுடியைக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். அவர் போய்விட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் கருவாட்டுக் குழம்பு. மாரியப்பன் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்ட பிறகுதான் அவள் கேட்டாள்.

"சரின்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"எப்ப?"

"கிடை வர்றதுக்கு முன்னாடி."

"அப்பறம் எதுக்கு மணலு சொமந்தீங்க?"

மாரியப்பன் தட்டிலிருந்த கையை எடுக்கவில்லை. மடை வேலை போனால் நடவுக்கு நாலு நாள், அறுப்புக்கு நாலு நாள் என்று நிற்க வேண்டும், வயதும் ஆகிறது என்றார். அவள் ஒப்புக்கொண்டாள். அது நிஜம்தான் என்றாள். ஆனால் வீட்டுச் சுவரோடு மனை முடிந்தால் சாமான் கழுவின தண்ணீரைக்கூடப் பண்ணையைக் கேட்டுத்தான் ஊற்ற வேண்டும், மகள் பிள்ளையோடு வந்தால் கட்டில் போட்டு உட்கார இடமில்லை என்றாள். பூவைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாரியப்பன் கைகழுவக் கொல்லைக்குப் போனவர் வெகுநேரம் அங்கேயே நின்றார்.

ஆடியில் ஒரு முற்பகல் மனை அளக்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ. வந்தார். கூடக் கர்ணமும் அளவுச் சங்கிலி பிடிக்கிறவரும் நாகநாதனும். ஒவ்வொரு வீடாக அளந்துகொண்டு கடைசி வீட்டுக்கு வரும்போது உச்சி வெயில். தெருவே பின்னால் வந்தது. சங்கிலி வீட்டின் பின்சுவரில் வந்து நின்றது.

ஆர்.ஐ. இளம் வயது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, இந்தப் பாத்தி யாருடையது என்று கேட்டார்.

"பாத்தியெல்லாம் இல்லீங்க. பண்ணைக்கீரை. களத்து ஓரம் தானா மொளைக்கும்" என்றார் நாகநாதன்.

பார்க்க அப்படித்தான் இருந்தது. பூ விடாத வயதில் கோழிக்கொண்டைக்கும் களையாக முளைக்கிற பண்ணைக்கீரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆர்.ஐ. குனிந்து ஒரு இலையைக் கிள்ளினார். எல்லையம்மாள் வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் அவர் மாரியப்பனைப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

மாரியப்பன் நாகநாதனைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். சங்கிலிக்காரர் வெயில் தாங்காமல் கால் மாற்றி நின்றார்.

"தானா மொளைச்சதில்லீங்க" என்றார். "எம் பொஞ்சாதி வெதைச்சது. பாத்தி நான் கொத்துனது. எங்கப்பாரு காலத்துலேர்ந்து வாய்க்கா கரைவரைக்கும் நாங்கதான் பொழங்குறோம். காரியக்காரரு வேற மாதிரி சொல்லச் சொன்னாரு. நானும் சரின்னுட்டேன். இங்க நின்னு பாத்தா வாய் வரல."

நாகநாதன் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்.ஐ. கிள்ளிய இலையைக் கீழே போட்டுவிட்டு, "வாய்க்கா கரை வரைக்கும் சங்கிலிய இழுங்க" என்றார். சங்கிலிக்காரர் பாத்தியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

மடை வேலை மறுநாளே போயிற்று. நாகநாதன் சத்தம் போடவில்லை. இனி மடைப்பக்கம் வரவேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பினார். அந்த வேலைக்கு மேலத்தெருவிலிருந்து ஒருவரைப் போட்டார்கள். மாரியப்பனுக்கு ஒரு வாரம் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. விடியுமுன் விழிப்பு வந்து, எந்த வாய்மடையில் தண்ணீர் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே படுத்திருப்பார். பிறகு சிவசாமியோடும் மற்றவர்களோடும் நடவுக்கு முன் வரப்பு வெட்டப் போகத் தொடங்கினார். கூட்டத்தோடு வேலைக்குப் போவதும், வரப்பில் உட்கார்ந்து பழைய சோற்றைப் பங்குபோட்டுச் சாப்பிடுவதும் அவருக்குப் புதிது. இத்தனை வருஷமாகத் தனியாகவே சாப்பிட்டிருக்கிறோம் என்று ஒருநாள் எல்லையம்மாளிடம் சொன்னார். வேலை இல்லாத நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் வடிகாலில் மீன் பிடித்தார், கொல்லைக்கு மூங்கில் படல் கட்டினார்.

புரட்டாசியில் பூத்தது பாருங்கள். கிடை போட்ட மண் அல்லவா? போன பூவெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. சில கொண்டைகள் கனம் தாங்காமல் சாய, மாரியப்பன் மூங்கில் சிம்பு நட்டுக் கட்டினார். சஃபியாவின் புருஷன் வந்துவிட்டிருந்தார். ஜாடியைப் பார்த்துவிட்டு, பினாங்கில்கூட இத்தனை பெரிது பார்த்ததில்லை என்றாராம். அது மெய்யோ, வீட்டுக்காரிக்காகச் சொன்னதோ, எல்லையம்மாள் சிரித்தபடி கேட்டுக்கொண்டாள். கூத்தாநல்லூரில் இன்னும் சில வீடுகளுக்கும் அவள் பூக்கொண்டு போனாள். கீரைக் கூடையின் ஒரு பக்கம் சிவப்பாகவே இருந்தது.

ஐப்பசி மழைக்கு வானம் கூடிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், நாகநாதனின் பெண்சாதி கமலாம்பாள் அந்தத் தெருவுக்கு வந்தாள். அதற்குமுன் அவள் அங்கே வந்ததை யாரும் பார்த்ததில்லை. படலுக்கு வெளியே நின்றாள். மழை வந்தால் செடி அழுகிவிடும், அதற்குமுன் கொஞ்சம் விதை கிடைக்குமா என்று கேட்டாள். வீட்டு வாசலில் போட ஆசை என்றாள். எல்லையம்மாள் விதையை எடுத்துக்கொண்டு வெளியே வரவில்லை. படலைத் திறந்தாள்.

"உள்ள வாங்க. முத்துன கொண்டையா பாத்து நீங்களே தேச்சு எடுத்துக்கங்க" என்றாள்.

கமலாம்பாள் புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். எல்லையம்மாள் நீட்டிய முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, கவிழ்த்திருந்த கூடைமேல் உட்கார்ந்தாள். காரியக்காரருக்குத் தெரியுமா என்று எல்லையம்மாள் விசாரித்தாள். தெரியும், போகாதே என்று சொல்லவில்லை என்றாள் கமலாம்பாள்.

"கோடையில போட்டத ஆடு தின்னுட்டு. ஆடு போட்ட எருவுலதான் இது இப்படி வந்துருக்கு. வூட்டுல சொல்லுங்க" என்றாள் எல்லையம்மாள். கமலாம்பாளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் எவ்வளவு மணல் போடுவது, எப்போது பெயர்ப்பது என்று பேச்சு நீண்டது.

மாரியப்பன் வடிகாலிலிருந்து கெண்டைமீன் கோத்த ஈர்க்கோடு வந்தவர், வீட்டின் பக்கவாட்டிலேயே நின்றுவிட்டார். கை தானாகத் தோள் துண்டுக்குப் போயிற்று. கமலாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் வீட்டு வாசலில் அவரைக் கூப்பிட அவளுக்கு எத்தனையோ வருஷமாக ஒரே விதம்தான் தெரியும். இப்போது வாய் திறந்து, ஒரு கணம் நின்றது.

"ஏன் அங்கயே நிக்கிறது? வரலாமே" என்றாள்.

மாரியப்பன் வந்து மீனை இறக்கிவைத்தார். அவள் விதையை முந்தானையில் முடிந்துகொண்டு, எல்லையம்மாள் கொடுத்த தண்ணீரைக் கொஞ்சம் குடித்துவிட்டுக் கிளம்பினாள். படலைத் தாண்டி அவள் தலை மறைந்த பிறகு எல்லையம்மாள் சிரித்தாள்.

"கேட்டீங்களா? வாடாவும் இல்ல, வாங்கவும் இல்ல."

"நடுவுல எங்கயோ நிக்கிது" என்றார் மாரியப்பன்.

"நிக்கட்டும். மழையில அவங்க செடி அழுவுனா மறுபடி வெதைக்கு இங்கதான வரணும்? மிச்சத்த அப்ப சொல்லுவாங்க."

மாரியப்பன் துண்டைத் தோளிலேயே விட்டுவிட்டு, கொல்லையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மீன் ஆயத் தொடங்கினார்.